சுகர் அட்டையில் விடுபடும் எண்

இன்று டிசம்பர் 6. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறோம். 1956இல் இதே நாளில், 65 வயதில், டெல்லி வீட்டில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. கடைசி ஆண்டுகளில் அவரை வாட்டியது சர்க்கரை நோய். கால் நரம்பு வலி, மங்கிய பார்வை, இன்சுலின் ஊசி. 1948இல் அவர் மணந்த சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். வீட்டிலேயே மருத்துவர் இருந்தவருக்கு இந்த நிலை என்றால், நம் சேரித் தெருக்களின் நிலை என்ன?

சர்க்கரை பணக்கார வியாதி என்ற பேச்சு என்றைக்கோ பொய்யாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்திருப்பதுதான் ஆபத்து. சர்க்கரை நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமும்.

நம் மக்களிடம் சுகர் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்வார்கள். பிரஷர் எவ்வளவு என்றால், "கொஞ்சம் இருக்குதுன்னாங்க" என்பார்கள். 'கொஞ்சம்' ஓர் அளவு அல்ல. பிரஷருக்கு இரண்டு எண்கள் உண்டு. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது மேல் எண். தளரும்போது கீழ் எண். நாள்பட்ட சர்க்கரை ரத்தக் குழாயை விறைக்க வைக்கிறது. பழைய ரப்பர் குழாய் போல அது நெகிழ மறுக்கும். அப்போது மேல் எண் ஏறும். கீழ் எண் இறங்கவும் கூடும். 160/70 என்று வந்தால், "கீழே 70தானே, நார்மல்" என்று ஆறுதல் அடையக்கூடாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சாதாரணமாக 40 அளவில் இருக்கும். இங்கே அது 90. இடைவெளி விரிவது குழாய் விறைத்ததன் அறிகுறி, இதயத்துக்கும் சுமை.

பிரிட்டனில் 1,148 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்தது. இன்று பல மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லும் இலக்கு 130/80க்குக் கீழ். முதியவர்களுக்கும் எழுந்தால் தலைசுற்றுபவர்களுக்கும் இலக்கை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரையை நாமே கூட்டவும் குறைக்கவும் கூடாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். வீட்டு வாசலுக்கே மாத்திரை வருவது சின்ன விஷயமில்லை. ஆனால் கரும்பு வெட்டவும் நாற்று நடவும் சித்தாள் வேலைக்கும் நம் மக்கள் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வேலைக்குப் போனவரின் மாத்திரையை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். யாருடைய கையில் பட்டையைச் சுற்றி அளப்பது? அரசு ஆவணங்களில் 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார், வரவேற்றோம். சொல் போனாலும், ஊருக்கும் நம் தெருவுக்கும் இடையே உள்ள தூரம் அப்படியே இருக்கிறது. முகாம் எந்தத் தெருவில், எந்த நேரத்தில் நடக்கிறது என்பதும் சாதி பற்றிய கேள்விதான்.

அளக்கும் முறையிலும் நாம் விவரமாக இருக்க வேண்டும். வயலிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்கக் கை நீட்டினால் எண் தவறாக வரும். டீ, பீடி முடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை. கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் வீட்டுப் பெரியவர்களின் சுகர் அட்டையில் தேதி போட்டு இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவருவோம்: மாதம் ஒரு நாளாவது, மாலை ஆறு மணிக்கு மேல், நம் தெருவிலேயே சுகரும் பிரஷரும் பார்க்க வேண்டும். தீர்மானத்தின் நகலோடு அடுத்து வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் மனு கொடுப்போம்.