முன்கூட்டியே எழுதப்பட்ட விடுதலை

அமெரிக்க நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம் 2002 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒரு சட்டக் கருத்துரையை வெள்ளை மாளிகைக்கு அனுப்பியது. வரைந்தவர் ஜான் யூ. கையெழுத்திட்டவர் அவருடைய மேலதிகாரி ஜே பைபீ. எது சித்திரவதை, எது இல்லை என்று சொன்ன அந்தக் கருத்துரைக்காக யூவும் அவரை ஆதரிப்பவர்களும் இன்றுவரை ஒரே வாதத்தைத்தான் முன்வைக்கிறார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நாடு அச்சத்தில் இருந்தது, சட்டத்தில் தெளிவில்லை, கேள்வி கேட்டார்கள், வழக்கறிஞர் நல்லெண்ணத்தோடு பதில் சொன்னார், கருத்துச் சொன்னதற்காக ஒருவரைத் தண்டித்தால் போர்க்காலத்தில் எந்த அரசு வழக்கறிஞரும் வாய் திறக்கமாட்டார் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதத்தின் ஒவ்வொரு பகுதியையும் அந்த அமைச்சகத்தின் ஆவணங்களே உடைக்கின்றன.

கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். நடந்தது என்ன என்று அமைச்சகத்தின் தொழில்நெறிப் பிரிவு பல ஆண்டுகள் விசாரித்து 2009 ஜூலையில் அறிக்கை எழுதியது. அதன்படி, 2002 ஜூலையில் சிஐஏ தரப்பு ஓர் உறுதிமொழி கேட்டது: விசாரணையில் இன்னின்ன முறைகளைக் கையாண்டால் எங்கள் ஆட்கள்மீது வழக்குத் தொடரமாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். குற்றவியல் பிரிவின் தலைவர் மைக்கேல் செர்டாஃப் மறுத்துவிட்டார். அடுத்த சில நாட்களில் யூ வெள்ளை மாளிகை வழக்கறிஞர்களைச் சந்தித்தார். அதற்குப் பிறகு, வரைவில் அதுவரை இல்லாத இரண்டு பகுதிகள் வந்து சேர்ந்தன. படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில் குடியரசுத் தலைவர் உத்தரவிட்ட விசாரணையைச் சித்திரவதைத் தடைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றது ஒன்று. அப்படியும் வழக்கு வந்தால் தற்காப்பு, வேறு வழியின்மை என்று எதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று விளக்கியது மற்றொன்று. வழக்குத் தொடர வேண்டிய பிரிவு தர மறுத்த பாதுகாப்பை, ஆலோசனை சொல்ல வேண்டிய அலுவலகம் கருத்துரையின் பெயரில் தந்துவிட்டது. குற்றம் நடப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிய விடுதலைக்குச் சட்ட ஆலோசனை என்று பெயரிடுகிறவர்களிடம் நல்லெண்ணத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

சட்டத்தில் தெளிவில்லை என்பது அடுத்தது. சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில் ரீகன் அரசு 1988இல் கையெழுத்திட்டது; 1994இல் அமெரிக்கா அதை உறுதிசெய்தது. போர், போர் அபாயம், நெருக்கடிநிலை என எந்தச் சூழலும் சித்திரவதைக்கு நியாயமாகாது என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. இதைவிடத் தெளிவாக ஒரு சட்டத்தை எப்படி எழுதுவது? கடுமையான வலியை வேண்டுமென்றே உண்டாக்குவது குற்றம் என்றது அமெரிக்கச் சட்டம். அந்த ‘கடுமையான வலி’க்குப் பொருள் தேடிய யூ, அவசர மருத்துவச் சிகிச்சைக்கான சலுகைகளை வரையறுக்கும் சட்டங்களில் போய் நின்றார். உள்ளுறுப்பு செயலிழப்பதற்கோ சாவுக்கோ ஈடான வலி இருந்தால்தான் சித்திரவதை என்று முடித்தார். நோயாளிக்கு உடனே சிகிச்சை கிடைக்கட்டும் என்று எழுதிய வாசகத்தை, கைதியை எந்த எல்லைவரை வதைக்கலாம் என்பதற்கு அளவுகோலாக்கியதைத் தெளிவின்மையின் விளைவு என்று என்னால் ஏற்க முடியாது. இருந்த தெளிவைக் குலைக்கத்தான் இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

இன்னும் மோசமானது, எழுதாமல் விட்டது. குடியரசுத் தலைவரின் போர்க்கால அதிகாரத்தைப் பற்றி எழுதும் எந்த அமெரிக்க வழக்கறிஞரும் முதலில் எடுக்க வேண்டியது 1952ஆம் ஆண்டின் யங்ஸ்டவுன் தீர்ப்பு. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கைப்பற்றினார். உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அதைச் செல்லாததாக்கியது. நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கு எதிராகச் செயல்படும்போதுதான் குடியரசுத் தலைவரின் அதிகாரம் மிகமிகக் குறைந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். 1940-41இல் இதே நீதி அமைச்சகத்தின் தலைவராக இருந்தவர். நூரம்பர்க்கில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞர். அந்தத் தீர்ப்பின் பெயர்கூட யூவின் கருத்துரையில் இல்லை. அது உள்நாட்டுத் தொழிலாளர் தகராறு பற்றியது, போர்க்கள முடிவுகளுக்குப் பொருந்தாது என்று பின்னாளில் விளக்கம் சொன்னார். பொருந்தாது என்று நினைத்தால் அதை எழுதி, ஏன் பொருந்தாது என்று காட்டியிருக்க வேண்டும். தனக்கு எதிரான தீர்ப்பை நீதிமன்றத்திடம் மறைக்கக் கூடாது என்பது நேற்று கறுப்புக் கோட்டு போட்ட ஜூனியருக்கும் தெரியும். எதிர்த்தரப்பே இல்லாமல், யாரும் பார்க்க முடியாத ரகசியமாக எழுதப்படும் கருத்துரையில் அந்தக் கடமை இன்னும் கூடுகிறது.

விசாரணையைக் கட்டுப்படுத்துவதில் நாடாளுமன்றத்துக்கு இடமே இல்லை என்ற கருத்துரையின் நிலைப்பாடும் தவறு. படைகளை ஆளும் விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் முதல் உறுப்பு நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது.

அமைச்சகத்தின் சொந்த வரலாறும் விடுபட்டது. 1983இல் டெக்சாஸில் ஒரு ஷெரிஃபும் அவருடைய துணை அதிகாரிகளும் கைதிகளின் முகத்தில் துண்டைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வாக்குமூலம் வாங்கியதற்காக அவர்கள்மீது வழக்கு நடத்தியது இதே நீதி அமைச்சகம்தான். ஷெரிஃபுக்கு 10 ஆண்டு சிறை. அடுத்த ஆண்டு வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு அதைத் தண்ணீர்ச் சித்திரவதை என்றே குறிப்பிட்டது. 2002 ஆகஸ்ட் 1ஆம் தேதியே பைபீ கையெழுத்திட்டு சிஐஏவுக்குப் போன இரண்டாவது கருத்துரை, அதே வகை முறைக்கு, வாட்டர்போர்டிங்குக்கு, அனுமதி தந்தது. 11 நாட்கள்வரை தூங்கவிடாமல் வைப்பதற்கும், பெட்டிக்குள் அடைத்துப் பூச்சியை விடுவதற்கும் அனுமதி தந்தது. சிஐஏவின் கைதியாக இருந்த அபூ சுபைதா அல்காயிதாவின் மூன்றாவது அல்லது நான்காவது ஆள் என்ற தகவலை அப்படியே ஏற்று எழுதப்பட்டது அது. அந்த ஒரே மாதத்தில் அவருக்கு குறைந்தது 83 முறை தண்ணீர் ஊற்றினார்கள். அவர் அல்காயிதா உறுப்பினர் என்று தான் வாதிடவில்லை என 2009இல் நீதிமன்றத்தில் அரசே ஒதுங்கிக்கொண்டது. காகிதத்தில் எழுதிய வெறும் கருத்து என்று இதைச் சொல்பவர்கள், அந்தக் காகிதம் இல்லாமல் அந்த 83 முறையும் நடந்திருக்குமா என்பதற்குப் பதில் சொல்லட்டும்.

யூவை நீதிமன்றம் காப்பாற்றிவிட்டதே என்று 2012ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பை நீட்டுகிறார்கள். அது நஷ்டஈடு கேட்டுப் போட்ட உரிமையியல் வழக்கு. அன்றைய நிலையில் சட்டம் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றிருக்கவில்லை என்று சொல்லி அவருக்கு விலக்குத் தந்தது. கருத்துரை சரி என்று எங்கும் சொல்லவில்லை. அமைச்சகத்துக்குள்ளும் இதே கதைதான். யூ செய்தது தெரிந்தே செய்த தொழில்நெறி மீறல் என்றது தொழில்நெறிப் பிரிவு. 2010 ஜனவரியில் டேவிட் மார்கோலிஸ் என்ற மூத்த அதிகாரி அதை மாற்றி, தவறான மதிப்பீடு என்று குறைத்தார். அவர்கூட, தன் முடிவை அந்தச் சட்ட வேலைக்கான ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம் என்று எழுதிவைத்தார். அடுத்த மாதமே, இந்தப் போராட்டத்தில் தான் வென்றது குடியரசுத் தலைவர் பதவிக்குக் கொடுத்த பரிசு என்று யூ வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். ஒரு கிராமத்து மக்களைக் கொன்றழிக்கும்படி குடியரசுத் தலைவர் உத்தரவிடலாமா என்று விசாரணையில் கேட்டபோது, நிச்சயமாக என்று பதில் சொன்னவர் அவர். அவர் காத்துக் கொடுத்த அதிகாரம் எது என்பதை அந்தப் பதில் சொல்கிறது.

தண்டித்தால் வழக்கறிஞர்கள் அஞ்சுவார்கள் என்ற கடைசி வாதத்துக்கு 2004ஆம் ஆண்டே மறுப்பு. அதே அலுவலகத்துக்குத் தலைவராக வந்த ஜேக் கோல்ட்ஸ்மித், புஷ் அரசு நியமித்த பழமைவாதி, வெள்ளை மாளிகைக்குப் போன அந்த முதல் கருத்துரையைத் திரும்பப் பெற்றார். அதே அச்சம், அதே போர், அதே அழுத்தம் அவருக்கும் இருந்தன. ஆனால் 2004 டிசம்பரில் வந்த மாற்றுக் கருத்துரை ஓர் அடிக்குறிப்பில், முன்பு அனுமதித்த முறைகள் பற்றிய முடிவுகள் மாறா என்று உறுதி சொன்னது. அந்த அலுவலகம் தன் பிழையைத் திருத்தியும் அதன் பலனை விடவில்லை என்பதே என் கோபம்.

1947இல் நூரம்பர்க்கில் ஜெர்மானிய நீதி அமைச்சக அதிகாரிகளையும் நீதிபதிகளையும் கூண்டில் நிறுத்தியது அமெரிக்கா. அவர்களின் குற்றங்கள் அளவில் வேறு. இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. சட்டம் எழுதியவனும் சட்டக் கருத்துச் சொன்னவனும் மேசைக்குப் பின்னால் இருந்ததாலேயே பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்ற கொள்கையை உலகத்துக்குச் சொன்னது வாஷிங்டன் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2005இல் நாடாளுமன்றம் வழக்கறிஞரின் ஆலோசனையை நல்லெண்ணத்தோடு நம்பியதை விசாரணையாளர்களின் தற்காப்பில் முக்கியமாகக் கருத வேண்டிய காரணியாக ஆக்கியது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நீதி அமைச்சக அதிகாரிகளோடு குடியரசுத் தலைவர் நடத்தும் பேச்சுக்கு முழு விலக்கு உண்டு என்றது. உத்தரவிட்டவர் தலைவர் என்பதால் தப்புகிறார். செய்தவர் கருத்துரையை நம்பியதால் தப்புகிறார். இடையில் மிச்சமிருப்பது அந்தக் கருத்துரையை எழுதியவர் ஒருவர்தான். அவரையும் கேட்கக் கூடாது என்கிறார் யூ.