பெருங்களத்தூரின் கார்

தென்மாவட்டத்துக்காரர்களுக்குப் பெருங்களத்தூரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வருவதற்கு முன்பு, பண்டிகை முடிந்து சென்னைக்குத் திரும்பும் பாதிப் பேர் அங்கேதான் இறங்குவோம். விடியற்காலை நாலரை மணிக்கு ஆம்னி பஸ் பையன் கதவைத் தட்டி ஊர்ப் பெயரைக் கூவுவான். அரைத் தூக்கத்தில் பையைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு ரயிலடியை நோக்கி நடப்போம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இப்போது கண்ணாடி போட்ட அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. அந்த மண்ணில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. இந்தியா முழுக்க ஓடிய ஒரு கார் அங்கே பிறந்தது. அதைச் சொல்ல அந்த இடத்தில் இன்று ஒரு கல்கூடக் கிடையாது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டைத்தான் சொல்கிறேன்.

1960-களிலும் 70-களிலும் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு முன்னால் மூன்றே பெயர்கள்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து ஃபியட், நம்முடைய பெருங்களத்தூரிலிருந்து ஹெரால்டு. முதல் இரண்டுக்கும் நாடே கூடி விடைகொடுத்தது. 2014-இல் உத்தர்பாரா ஆலை நின்றபோது எல்லாப் பத்திரிகைகளும் அம்பாசிடருக்கு அஞ்சலி எழுதின. பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய அந்த ஃபியட்டின் கடைசி டாக்ஸி 2023 அக்டோபரில் மும்பைச் சாலையை விட்டுப் போனபோதும் அப்படியே. ஹெரால்டு போனபோது யாரும் கை அசைத்ததாக எனக்கு நினைவில்லை.

காரணம் இருக்கிறது. அம்பாசிடர் அரசாங்கத்தின் கார், டாக்ஸிக்காரரின் கார், கல்யாண வீட்டின் கார். சொந்தமாக வாங்காதவர்கூட வாழ்க்கையில் ஒரு தடவையாவது அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார். ஃபியட்டும் பம்பாயில் டாக்ஸியாக ஓடி ஊருக்கே பழக்கமானது. ஹெரால்டோ வீட்டுக் கார். பல வருஷம் இரண்டே கதவுதான் அதற்கு. டாக்டர், வக்கீல், கல்லூரிப் பேராசிரியர், சின்னதாக வியாபாரம் செய்பவர் என்று அளவான குடும்பங்கள் வாங்கின கார். வாடகைக்கு ஓடாத காருக்கு ஊரின் நினைவில் இடம் கிடைப்பது கஷ்டம். அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் நினைவில்தான் அது தங்கும். நான் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை.

என் பெரியப்பா தாம்பரத்தில் குடியிருந்த வக்கீல். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு நித்தமும் ஜி.எஸ்.டி. சாலையில் போய் வருவார். அவரிடம் இருந்தது நாலு கதவு வைத்த மார்க் த்ரீ, வெளிர் நீலம், எம்.எஸ். என்று ஆரம்பிக்கும் நம்பர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விடுமுறை நாட்களில் முன் சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். பெருங்களத்தூர் கம்பெனி வாசலைத் தாண்டும்போது மறக்காமல் ஒரு ஹாரன். ஏன் பெரியப்பா என்று கேட்டால், "பொறந்த வீடுடா. சொல்லிக்காம போனா நல்லாவா இருக்கும்?" என்பார்.

அந்தக் காரில் என்னை மயக்கியது பானெட். மற்ற கார்களில் எஞ்சினுக்கு மேலே இருக்கும் தகடு மட்டும் தூக்கும். மெக்கானிக் உடம்பை வளைத்து உள்ளே தலையை விட்டு வேலை பார்ப்பார். ஹெரால்டுக்கு இரண்டு பக்கமும் வெளியே ஒவ்வொரு கொக்கி. இரண்டையும் விடுவித்துவிட்டு முன்பக்கமாக இழுத்தால் மட்கார்டு, ஹெட்லைட், பானெட் எல்லாம் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின், ரேடியேட்டர், முன் சக்கரம், ஸ்டியரிங் கம்பி என்று அத்தனையும் வெட்டவெளியில் வந்து நிற்கும். எங்கள் மெக்கானிக் பாய் முன் டயர் மேலேயே முக்காலிபோல உட்கார்ந்துகொண்டு வேலை செய்வார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. கார்புரேட்டர் எது, டிஸ்ட்ரிபியூட்டர் எது, எந்த ஒயர் எங்கே போகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, அந்த டயருக்குப் பக்கத்தில் நின்று படித்தது.

இன்னொரு விசேஷம் அது திரும்புகிற வட்டம். 25 அடி அகலம் இருந்தால் போதும், ரிவர்ஸ் எடுக்காமல் அப்படியே திரும்பிவிடும். மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் அம்பாசிடர்காரர்கள் முன்னும் பின்னும் அசைத்து வியர்வை வழிய நிற்கும்போது, பெரியப்பா ஒரே வெட்டில் திருப்பிக்கொண்டு போய்விடுவார். மற்ற இரண்டு காருக்கும் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. இதற்குத் தரையில், கை விட்டதும் கிடைக்கிற குட்டையான கம்பி. 948 சிசி எஞ்சின். பெரிய வேகம் கிடையாது, அந்தச் சாலைகளுக்கு அது போதும்.

பின்னாளில் இந்தக் காரின் கதையைத் தேடிப் படித்தபோது அந்தப் பானெட்டின் காரணமும் தெரிந்தது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதுக் காருக்கு முழு பாடியும் ஓரிடத்தில் செய்துதர ஆள் இல்லை. அதனால் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்வித்து, நட்டு போல்ட் போட்டு முடுக்கினார்கள். அதற்கு உருவம் வரைந்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவான்னி மிச்செலோட்டி. 1959-இல் அங்கே அது டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு நமக்கு வாய்ப்பாக அமைந்தது. துண்டுகளை முடுக்கிச் செய்கிற காரை, பெரிய பிரஸ் எந்திரங்கள் இல்லாத ஊரிலும் செய்யலாம். 1961-இல் பெருங்களத்தூரிலிருந்து ஹெரால்டு வெளியே வந்தது.

அந்தத் தொழிற்சாலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் தொடங்கிய நிறுவனம். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென். அதே 1948-இல் எண்ணூர்ப் பக்கம் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித் தந்தது. சில வருஷங்களில் அது அசோக் லேலண்டாகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. கார்தான் தொழில் என்று நின்றது பெருங்களத்தூர். ஆசியாவின் டெட்ராய்ட் என்று சென்னையை இன்று மேடைக்கு மேடை சொல்கிறோம். 90-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்த பிறகுதான் இங்கே கார் செய்யத் தெரிந்தது என்பதுபோல அந்தக் கதையைத் தொடங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவை வருவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் கார் செய்தார்கள்.

பூட்டினார்கள் என்று சொல்லவில்லை, செய்தார்கள் என்றுதான் சொல்கிறேன். ஆரம்பத்தில் பெட்டியில் வந்ததைப் பிரித்துப் பூட்டியது உண்மை. போகப் போகப் பெரும்பாலான பாகங்களை இங்கேயே வார்த்தார்கள், கடைந்தார்கள். 1968-இல் வந்த நாலு கதவு மார்க் த்ரீ இங்கிலாந்தில் கிடையவே கிடையாது. நம் குடும்பத்துப் பெரியவர்கள் முன் சீட்டை மடக்கி உள்ளே நுழையத் தடுமாறுவதைப் பார்த்து இங்கே செய்தது அது.

பின் அச்சின் கதை அதைவிடப் பெரியது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை அல்ல. குறுக்கே ஒற்றைப் பட்டை ஸ்பிரிங், இரண்டு பக்கமும் தனித்தனியாக மடங்கும் அரை அச்சு. ஆள் இல்லாதபோது சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கி நிற்கும். பின்னால் நாலு பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்று ஏற்றினால் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். இங்கிலாந்துச் சாலைக்கும் இரண்டு பேர் போகிற வழக்கத்துக்கும் போட்ட கணக்கு அது. நம் பள்ளத்துக்கும் நம் பாரத்துக்கும் அந்த அரை அச்சு தாங்கவில்லை. பாய் அதிகம் மாற்றிய சாமான் அதுதான். கவென்ட்ரியின் துணை விலகிய பிறகு, 1972-இல், பெருங்களத்தூர் ஆட்களே இதைச் சரிசெய்தார்கள். பின்னால் முழு அச்சு வைத்து, முகத்தை மாற்றி, கெஸல் என்று பெயரிட்டு விட்டார்கள். அயல்நாட்டான் வரைந்ததில் இந்த மண்ணுக்கு ஒத்துவராததை இந்த மண்ணின் ஆட்கள் கண்டுபிடித்து மாற்றிய கார் அது. அதற்கு உரிய மதிப்பை நாம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கெஸல் சில வருஷம்தான் ஓடியது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கும் டெல்லியின் உத்தரவு என்றிருந்த காலம். கார் விலைத் தகராறு 1971-இல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 70-களின் கடைசியில் கார் நின்று வேன் மட்டும் வந்துகொண்டிருந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள். ரோவர் எஸ்.டி.1-இன் அழகான உடம்பு, உள்ளே வேன்கார்டு காலத்து எஞ்சின். மாருதி வந்து ஊரே சின்னக் கார் பக்கம் திரும்பிவிட்ட நேரம் அது. 1988-இல் எல்லாம் முடிந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் 1963-லேயே காரிலிருந்து போய்விட்டது. அதற்கப்புறம் 25 வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தது பெருங்களத்தூர் மட்டும். பூட்டிக் கிடந்த ஆலையை 2006-இல் ஏலம் விட்டு இடித்தார்கள்.

பெரியப்பா 1986-இல் காரை விற்றார். யார் வாங்கினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஏன் இதெல்லாம் எழுதுகிறேன் என்றால், சேலையூரில் இருக்கும் நண்பருக்கு அவருடைய மாமனார் வழியாக ஒரு ஹெரால்டு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு கதவு. இருபது வருஷம் ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. ஓட வைக்கலாம் என்று முடிவெடுத்தபோதுதான் ஒரு கார் அரிதாகிப்போவது என்றால் என்னவென்று புரிந்தது. அரை அச்சு ஒன்று உடைந்திருந்தது. புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்தோம். எந்த வண்டியின் எந்தப் பாகத்தையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுச் சொல்கிற ஊர் அது. அங்கேயே ஒரு கடைக்காரத் தம்பி, "பேரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார், எங்க அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான். கடைசியில் உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், அளவெடுத்துப் புதிதாகக் கடைந்து வாங்கினோம்.

மாட்டுவதற்கு ஆள் வேண்டுமே. பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன்கள் கெட்டிக்காரர்கள்தான். அவர்களிடம் இருப்பது எல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர், பத்து, பன்னிரண்டு, பதினான்கு. ஹெரால்டு முழுக்க இஞ்சு நட்டு. அரை இஞ்சு, ஏழு பை பதினாறு. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு முடுக்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பழைய கார்கள் பாதி செத்தது அப்படித்தான், ரிப்பேரால் அல்ல.

பாயைத் தேடிப் பிடித்தேன். எழுபத்தெட்டு வயது. மேற்குத் தாம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஹெரால்டு என்றதும், "ரெண்டு கதவா, நாலு கதவா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஒரு காக்கித் துணிப்பை. கொக்கிகளை அவரே விடுவித்தார். பானெட்டைச் சாய்த்து, டயர் மேல் உட்கார்ந்தார். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை நீட்டினார். எதுவும் சொல்லவில்லை. அரை இஞ்சு ஸ்பேனரை எடுத்து வைத்தேன்.

நாலு நாள் வேலை. ஐந்தாம் நாள் ஓடியது.

சட்டப்படி இனி இதை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் நண்பருக்கும் எனக்கும் வழக்கு ஓடுகிறது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டிய காரை விண்டேஜ் என்று பதியலாம். ஹெரால்டுகள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. அப்படிப் பதிந்தால் ‘வி.ஏ.’ எழுத்து போட்ட தனி நம்பர், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம் என்று எடுத்துப் போகலாம். சாதாரண வண்டியாகவே வைத்துக்கொண்டால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும், கட்டணமும் ஏறிவிட்டது. விண்டேஜ்தான் நல்லது என்பது நண்பர் கட்சி. எனக்கு மனசு ஒப்பவில்லை. காய்கறி வாங்கவும், கோர்ட்டுக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் செய்த கார் இது. வாரத்துக்கு ஒரு தடவையாவது கடைக்குப் போய்வந்தால்தான் இது ஹெரால்டு. ஊர்வலத்தில் மட்டும் வந்தால் அதன் உருவம்தான் பிழைத்திருக்கும்.

ஒரு கோரிக்கையும் இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கும் அந்தப் பழைய ஆலை இருந்த இடத்துக்கும் தூரம் அதிகமில்லை. நாளெல்லாம் மக்கள் நடமாடும் அந்தக் கூடத்தில் ஒரு ஹெரால்டைக் கொண்டுவந்து நிறுத்தலாம். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். பானெட்டை முன்னால் சாய்த்து, எஞ்சின் தெரிய நிறுத்தினால் போதும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எட்டிப் பார்க்கட்டும். இங்கே செய்தது என்று தமிழில் ஒரு பலகை. பெரிய செலவு பிடிக்காத காரியம்.

அன்று சாயங்காலம் நண்பர் ஓட்ட, பாய் முன்னால், நான் பின்னால். சேலையூரில் ஒரு முட்டுச் சந்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோம். நண்பர் ரிவர்ஸ் கியரைத் தேடினார். பாய் அவர் கையைத் தட்டிவிட்டு, "முழுசா ஒடிங்க" என்றார். வண்டி இரண்டு பக்கத் திண்ணைக்கும் நடுவில், எதையும் உரசாமல், ஒரே வெட்டில் திரும்பி நின்றது.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் பாய் அந்தக் காக்கிப் பையை எடுத்துப்போய் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்தார். மறந்து வைத்துவிட்டாரோ என்று எடுத்துக் கொடுக்கப் போனேன். "இருக்கட்டும் தம்பி. அடுத்து பாக்குறவன்கிட்ட இஞ்சு ஸ்பேனர் இருக்காது" என்றார்.