பாஸ்கா மேடையில் யூதர்

தவக்காலம் முடியும் நாட்களில் நம் பங்குகள் பலவற்றில் பாஸ்கா நாடகம் நடைபெறுகிறது. கரி பூசிய முகமும் உருட்டும் விழியுமாய் யூதர் கூட்டம் மேடையேறியதும் குழந்தைகள் அலறுகின்றனர். சாட்டை வீசிய உரோமைச் சேவகனை வீடு திரும்பும்போது எவரும் ஏசுவதில்லை. இயேசுவும் அவருடைய தாயும் பன்னிருவரும் யூதரே என்பதும் நினைவுக்கு வருவதில்லை. "நற்செய்தியில் உள்ளதுதானே, சாமி?" என்பர். நற்செய்தியில் கரி இல்லையே!

அந்தக் கரியைக் குழைத்தவை இடைக்கால ஐரோப்பாவின் பக்திக் கதைகள். 1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் வில்லியம் என்னும் சிறுவன் கொலையுண்டு கிடந்தான். யூதரே அவனை வதைத்துக் கொன்றனர் எனத் தாமஸ் என்னும் துறவி பின்னாளில் நூல் எழுதினார். சான்று ஏதுமில்லை. 1475இல் இத்தாலியின் திரெந்து நகரில் சீமோன் என்னும் குழந்தை இறந்தபோது அதே பழி எழுந்தது. யூதரைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் பெற்றனர், பலரைக் கொன்றனர். கதை சொன்னவர்களோ அக்கொலையை நீதி என்றனர், குழந்தையைப் புனிதனாக்கினர். அன்று புதிதாய் வந்திருந்த அச்சுக்கலை, படங்களோடு அப்பொய்யைப் பரப்பியது. அந்த வணக்கத்தைத் திருச்சபை 1965இல்தான் நீக்கிற்று. இயேசுவின் பாடுகளுக்காக யூதர் அனைவரையும் பழிக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று ஒதுங்க முடியுமா? தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் உழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரை நினைப்போம். 1578இல் 'தம்பிரான் வணக்கம்', 1586இல் 'அடியார் வரலாறு' எனத் தமிழை அச்சேற்றியவர். அவர் யூத மரபினர். அக்காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற நேர்ந்தவர். அவரை ஏற்ற இயேசு சபையும், அவர் உயிரோடிருக்கும்போதே, 1593இல், யூத வழியினரைச் சேர்ப்பதில்லை எனத் தீர்மானித்தது. 1946வரை அத்தடை நீங்கவில்லை. (இரத்தத்தைப் பார்த்து ஆளை அளக்கும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று, அது வேறு கட்டுரைக்குரியது.) முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு உழைத்து, 1600இல் அடிகளார் மறைந்தார்.

அவர் மொழிந்த செபங்களைச் சொல்லி வளர்ந்தவர்களின் வழிவந்தோர், அவர் நடந்த கரையிலேயே அவர் இனத்தாரைக் கரி பூசி நிறுத்துவதா? நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வரும் தவக்காலத்துக்குள் பழைய கையெழுத்துப் படியை எடுப்போம். 'யூதர்' என மொத்தமாய்ச் சுமத்தியுள்ள வசனங்களைத் திருத்துவோம். அரிதாரப் பெட்டியிலிருந்து அந்தக் கரிக்கிண்ணத்தையும் அகற்றுவோம்.