ஓடுகிறதே, போதாதா?

சங்கக் கணக்கு, உறுப்பினர் பட்டியல், சந்தா பாக்கி எல்லாம் இன்று சர்வர் என்னும் ஒரு கணினிக்குள் அடங்கிவிட்டன. அலுவலக மூலையில் அது இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. "பத்து வருஷமாக நின்றதே இல்லை, சார், அதைப் போய் ஏன் கிளற வேண்டும்?" என்று பெருமையோடு கேட்கிறார்கள். கிளறத்தான் வேண்டும், பெரியவர்களே.

இத்தகைய பல சர்வர்களை இயக்குவது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். 2014-இல் வந்தது; இலவசம்; உறுதியானது. ஆனால் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு அதற்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. மறுநாள் கணினி அணைந்துவிடவில்லை, அதுதான் ஆபத்தே. புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். இணையத்துக் கள்ளன் அவற்றைத் தேடித்தான் வருவான். உள்ளே இருப்பவை நம் அடையாளக் கார்டு எண்களும் வீட்டு முகவரிகளும் அல்லவா? பால் இறங்குகிறதே என்று கிழட்டு மரங்களையே நம்பியிராமல் மறுநடவு செய்வதைத் தோட்டத்தில் பார்த்தவர்கள்தாமே நாம்!

எதற்கு மாறுவது? சென்ட்ஓஎஸ் 8-க்கு அல்ல. அதற்கு 2029 வரை ஆயுள் என்றார்கள். 2021 முடிவிலேயே கைவிட்டார்கள். அந்த ஏமாற்றத்தில் பிறந்தவையே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும். இவற்றின் 9-ஆம் பதிப்புக்கு 2032 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. இவையும் இலவசமே.

முதலில் தகவல்களை நகல் எடுங்கள். நகலை அதே கணினியில் வைத்துப் பயனில்லை. வேறொரு கணினியில் அதைத் திறந்து, ஓர் உறுப்பினரின் கணக்காவது சரியாக வருகிறதா என்று பாருங்கள். நகல் எடுப்பவர்கள் உண்டு. திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

பழையதன் மேலேயே புதியதை ஏற்றவும் கருவி இருக்கிறது. 7-இலிருந்து 8, பிறகு 9 என்று படி தாண்டாமல் போக வேண்டும். இன்னொரு கணினியில் 9-ஐப் புதிதாக நிறுவி, கணக்குகளை அங்கே கொண்டுபோவதே மேல் என்பது என் கட்சி. நடுவில் கோளாறு வந்தாலும் பழையது அப்படியே இருக்கும்.

தகராறு செய்வது பெரும்பாலும் கணக்கு நிரல்தான். சென்ட்ஓஎஸ் 7-உடன் வந்த பி.எச்.பி. 5.4, 9-ஆம் பதிப்போடு வந்தது 8.0. பழையதற்கு எழுதிய நிரல் புதியதில் பாதியிலே நின்றுவிடலாம். ஆகவே ஒரு மாதக் கணக்கைப் புதியதில் ஓட்டிப் பார்த்து, ரசீது ஒழுங்காக அச்சாகும் வரை பழைய கணினியைக் கழற்ற வேண்டாம். கழற்றியபின், பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் அதன் தட்டைச் சுத்தமாக அழித்துவிடுங்கள்.