நத்தையை வாங்காதீங்க, வளருங்க!

கடல்நீர் மீன்தொட்டி வச்சிருக்கிற நம்ம மக்களுக்கு ஒரு வேண்டுகோள். பாசி தின்னும் நத்தையை டஜன் கணக்கில் வாங்குறதை நிறுத்துங்க. ஒரே ஒரு தடவை வாங்குங்க, போதும். அதுக்கப்புறம் உங்க தொட்டியிலேயே அது குஞ்சு பொரிக்கட்டும்.

"ஒரு நத்தைக்குப் போய் இவ்வளவு நீட்டணுமா?"ன்னு எங்க வீட்டுத் தங்கமணி மாதிரியே நீங்களும் கேக்கலாம். கொஞ்சம் பொறுங்க.

வழக்கமா என்ன நடக்குது? தொட்டி வச்சு சில வாரத்தில் முதல்ல பழுப்பு நிறத்தில் ஒரு படலம் வரும், அப்புறம் பச்சைப் பாசி. கடைக்காரர் "இருபது நத்தை விடுங்க சார், சுத்தமாயிடும்"ம்பார். நிஜமாவே பத்து நாளில் கண்ணாடி பளிச்னு ஆயிடும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். இருபது நத்தைக்கும் இனி சாப்பாடு இல்லை. ஒவ்வொண்ணா பாறைக்குப் பின்னாடி பட்டினியில் சாகும், அழுகும், அம்மோனியா ஏறும். அந்தக் கழிவைத் தின்னு மறுபடி பாசி வளரும். மறுபடி இருபது நத்தை!

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து கணக்கை மட்டும் பச்சையா காட்டுறதுக்கு பேங்க்ல எவர்கிரீனிங்னு பேரு. இதுவும் அதேதான். என்ன, இங்கே அசல் நம்ம பாக்கெட்டிலிருந்து போகலை, கடல்லேருந்து போகுது.

நிமோ மீனை எடுத்துக்குங்க. கடல்லேருந்து பிடிச்சுத்தான் வித்தாங்க. அப்புறம் மண்டபம், விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் குஞ்சு பொரிக்கக் கத்துக்கிட்டாங்க. நமக்குப் பக்கத்தில் ஐரோலியில்கூட நிமோவுக்குப் பொரிப்பகம் வச்சாங்க. நத்தைக்கு யார் வைப்பா? விலை மலிவு, கட்டுப்படியாகாது. அதனாலேயே பாறையிலிருந்து பொறுக்கிக்கிட்டே இருக்காங்க. மலிவா இருக்கிறதுதான் அதுக்கு ஆபத்து.

"கடல் எவ்வளவு பெரிசு, நாலு நத்தை எடுத்தா குறைஞ்சிடுமா?" குறையும். அந்தமான்ல பெரிய ட்ரோக்கஸ் நத்தையை ஓட்டுக்காக அள்ளினாங்க. சட்டை பட்டன் செய்ய அந்த முத்துப் பளபளப்பு ஓடு உலகம் பூரா போச்சு. கடைசியில் 2001-ல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டியதாப் போச்சு. இதே நத்தைக்கு பசிபிக்ல பலாவ் தீவுக்காரங்க 1980-களின் தொடக்கத்திலேயே பொரிப்பகம் நடத்திக் காட்டிட்டாங்க. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை.

நம்ம ஊர்க் கடலையே பாருங்க. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவு, 1986-லேருந்து தேசியப் பூங்கா. அங்கே 2010-லயும் 2016-லயும் கடல் சூடாகி பவளம் வெளுத்துச்சு. செத்த பவளத்து மேல பாசி படர்ந்தா புதுப் பவளக் குஞ்சு வந்து ஒட்ட இடம் கிடைக்காது. அந்தப் பாசியை மேயறது யார்? மீன், கடல் முள்ளெலி, அப்புறம் இந்த நத்தை. கடலுக்கே வேலைக்காரன் தேவைப்படும்போது, நம்ம கண்ணாடி துடைக்க அவனைக் கூட்டிட்டு வர்றது நியாயமா?

சரி, வீட்டில் எப்படி வளர்க்கிறது?

முதல்ல வகை. நெரைட் நத்தை நல்லா மேயும், பாறையெல்லாம் எள்ளு மாதிரி வெள்ளை வெள்ளையா முட்டை ஒட்டும். பார்த்து சந்தோஷப்படாதீங்க. அதோட குஞ்சு வாரக்கணக்கில் நீரில் மிதந்து நுண்ணுயிர் தின்னு வளரணும். வீட்டுத் தொட்டியில் அது நடக்காது. சின்ன ட்ரோக்கஸ் வகைதான் நமக்கு சரி. அதோட குஞ்சு கூடவே கட்டுச்சோறு கொண்டு வருது. முட்டைக் கருவை வச்சே மூணு முதல் அஞ்சு நாள் ஓட்டி, பாறையில் இறங்கிடும். இன்னொரு வசதி, கவிழ்ந்து விழுந்தாலும் தானே புரண்டு எழுந்துக்கும்.

ஆண் எது, பெண் எதுன்னு வெளியில் பார்த்துத் தெரியாது. ஆறு வாங்குங்க. ஆறும் ஒரே பாலா இருக்க 32-ல் ஒரு வாய்ப்புதான். பெரிய அந்தமான் வகையை யாராவது நீட்டினா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க.

தண்ணி ஆர்.ஓ.வில் பாக்கெட் உப்பு கலந்ததா இருக்கட்டும். மும்பை கடற்கரையில் பக்கெட்டில் அள்ளுற வேலையெல்லாம் வேண்டாம். அடர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, ஓடு வளர கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். மீனுக்கு நோய்னு செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊத்தவே கூடாது. ஒரு நத்தை மிஞ்சாது.

பெரும்பாலும் தண்ணி மாத்தின அன்னைக்கு ராத்திரி, லைட் அணைஞ்ச பிறகு, நத்தையெல்லாம் உசரமான இடத்துக்கு ஏறும். சிகரெட் புகை மாதிரி ஒண்ணு விடும். அதுதான் விந்தும் முட்டையும். உடனே ஸ்கிம்மர், யு.வி. விளக்கு, ஃபில்டர் துணி மூணையும் நிறுத்துங்க. கலங்கின தண்ணியில் ஒரு பக்கெட் எடுத்து, மெல்ல காத்து விட்டு, ஏற்கெனவே பாசி படிஞ்ச ரெண்டு மூணு கண்ணாடித் துண்டைப் போட்டு வைங்க. பெரிய தொட்டியில் காத்து தாராளமா ஓடட்டும். மீன் மேலே வந்து மூச்சு வாங்கினா ஸ்கிம்மரைப் போட்டுடுங்க. ஒரு வாரம் கழிச்சு அந்தக் கண்ணாடித் துண்டை அப்படியே தொட்டிக்கு மாத்திடலாம். துறவி நண்டும் ராஸ் மீனும் இருந்தா குஞ்சு தப்பாது, சொல்லிட்டேன்.

ஆயிரக்கணக்கில் முட்டை விட்டாலும் பத்து பிழைச்சா பெரிசு. அந்தப் பத்து போதுமே! செத்ததை ஈடுகட்ட இனி கடைக்குப் போக வேண்டாம்.

மே மாசம் ஊருக்குப் போறதுதான் நமக்கெல்லாம் பெரிய தலைவலி. ஆண்டாப் ஹில் மாதிரி குவார்ட்டர்ஸ்ல, மூடின வீட்டில் தண்ணி சுண்டும், உப்பு ஏறும், நத்தை சாகும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, அதுவரைக்கும் தினம் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணி ஊத்தச் சொல்லி பக்கத்து வீட்டு மராட்டி ஆஜிகிட்ட சாவியைக் கொடுங்க. மே மாசப் புழுக்கத்தில் ஃபேன் காத்து தண்ணியை அவ்வளவா குளிர வைக்காது. சில்லர் இல்லாதவங்க கோடைக்கு முன்னாடியே நத்தையை சில்லர் உள்ள வீட்டில் ஒப்படைச்சுடுங்க.

அதனால்தான் சொல்றேன், இதைத் தனியா செய்யாதீங்க. மாதுங்கா, செம்பூர், சயான்னு நாலு குடும்பம் சேர்ந்தா ஒரு வீட்டில் பொரிச்சது இன்னொரு வீட்டுக்குப் போகும். ஒரு தொட்டி படுத்தாலும் விதை வேற இடத்தில் இருக்கும். சீட்டுப் பிடிக்கிற நமக்கு இது புதுசா என்ன?

இனிமே உங்க தொட்டி நல்லாயிருக்கான்னு கண்ணாடிப் பளபளப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க. ராத்திரி டார்ச் அடிச்சு, பாறை அடியில் கடுகு சைஸ்ல நத்தை நகருதான்னு பாருங்க. நகர்ந்தா, தண்ணியும் சரி, சாப்பாடும் சரி, நீங்களும் சரி.

டிஸ்கி: குஞ்சு அதிகமாயிட்டா "கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறேன்"னு ஹாஜி அலி பக்கம் போய் விட்டுடாதீங்க. வளர்ப்புக்குன்னு கொண்டு வந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவுப் பவளத்து மேல ஏறினது 2008-லேயே தெரிஞ்ச கதை. மிச்சத்தை இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுங்க, புண்ணியமாப் போகும் :-)