தொலைநோக்கி வாங்கப் போறீங்களா? முதலில் ஒரு தச்சரைப் பாருங்க!

பிள்ளை ஆசையாகக் கேட்கிறதே என்று தொலைநோக்கி வாங்குகிறோம். முதல் வாரம் மொட்டை மாடியில் தெருவே கூடுகிறது. நிலவைப் பார்த்தாச்சு. அடுத்து சனியின் வளையத்தைப் பார்க்கலாம் என்றால், அங்கேதான் சிக்கல். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே படம் துள்ளுகிறது. ஆட்டம் நிற்பதற்குள் கோள் நகர்ந்து போய்விடுகிறது. மூன்றாவது மாதம் கருவி பரணுக்குப் போகிறது. “விலை குறைஞ்ச லென்ஸ், அதான் ஒண்ணும் தெரியல” என்று பழியையும் லென்ஸ் மேலேயே போட்டுவிடுகிறோம்.

பெரும்பாலும் குற்றவாளி லென்ஸ் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் ஒல்லியான அலுமினியக் கால்தான். வானம் பார்க்க ஆசைப்படுபவர்கள் கண்ணாடிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது அடிப்பகுதிக்குக் கொடுக்க வேண்டும். நல்ல அடிப்பகுதியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. நம்ம ஊர்த் தச்சர் ஒருவரே பிளைவுட்டில் செய்து தந்துவிடுவார்.

ஏன் இவ்வளவு ஆட்டம்?

100 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி, கோளை மட்டும் பெரிதாக்குவதில்லை. உங்கள் கை நடுக்கத்தையும், மாடியில் அடிக்கும் காற்றையும் சேர்த்தே 100 மடங்கு ஆக்கும். நிலவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குழாய் அசைந்தால் போதும், படம் நிலவைப் போல மூன்று மடங்கு தூரம் துள்ளும்.

இதோடு பூமியும் சுற்றுகிறது. வானம் மணிக்கு 15 டிகிரி, அதாவது நிமிடத்துக்குக் கால் டிகிரி நகர்கிறது. 100 மடங்கில் நமக்குத் தெரியும் பரப்பே சுமார் அரை டிகிரிதான். ஒரு கோள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக இரண்டே நிமிடம். 200 மடங்கு என்றால் ஒரு நிமிடம். எனவே தொலைநோக்கியின் கால் சும்மா நின்றால் போதாது. விரலால் தள்ளும்போது கொஞ்சம் நகர வேண்டும், விட்டதும் அங்கேயே நிற்க வேண்டும்.

மெல்லிய உலோகக் கால் இதற்குச் சரிப்படாது. ஒரு காலின் நீளத்தை இரு மடங்காக்கினால், அதே தள்ளலுக்கு அது வளைவது இரு மடங்கு இல்லை, எட்டு மடங்கு. உயரம் வேண்டும் என்று கால்களை முழுதாக இழுத்துவிட்டால் அதே கருவி தள்ளாட ஆரம்பிப்பதன் காரணம் இதுதான்.

பெரிய ஆய்வகங்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அதைத் தாங்கித் திருப்ப, குதிரை லாட வடிவில் ஒரு பிரம்மாண்ட உலோகக் கட்டமைப்பு இருக்கிறது. நாம்தான் வீட்டுக்கு வாங்கும்போது குழாயை மட்டும் பார்த்து ஏமாறுகிறோம்.

ஒரு துறவி காட்டிய வழி

இதற்கு மலிவான தீர்வைப் பரப்பியவர் ஜான் டாப்சன் (1915–2014). பெய்ஜிங்கில் பிறந்து, அமெரிக்காவில் வேதியியல் படித்து, 1944-ல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள ராமகிருஷ்ண மரபு வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தவர். துறவியின் கையில் ஏது காசு? கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக் குழாயைத் தொலைநோக்கிக் குழாய் ஆக்கினார். அடிப்பகுதிக்கு பிளைவுட். 1967-ல் மடத்தை விட்டு வெளியேறியதும், நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து போவோர் வருவோரை எல்லாம் அழைத்து வானத்தைக் காட்டினார். தன் வடிவமைப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் இன்று யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம்; உலகம் முழுக்க அதன் பெயர் ‘டாப்சோனியன்’.

அமைப்பு எளிமையானது. தரையில் ஒரு பலகை. அதன் மேல் மேலும் பின்பக்கமும் திறந்த ஒரு பெட்டி, நடுவில் ஒரு போல்ட்டைச் சுற்றி இடம் வலமாகத் திரும்பும். பெட்டியின் இரண்டு பக்கப் பலகைகளிலும் மேலே ஒரு பள்ளம். குழாயின் இருபக்கமும் உள்ள வட்டங்கள் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, பீரங்கி மாதிரி மேலும் கீழும் சாயும். அவ்வளவுதான். கியர் இல்லை, எடைக்கம்பி இல்லை.

நம் ஊருக்கு இது இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. கியர் வைத்த ‘ஈக்வடோரியல்’ ஸ்டாண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரி, நாகர்கோவிலில் 8 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மறைக்காவிட்டால் அதிர்ஷ்டம்! அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் பல சிறிய ஸ்டாண்டுகளில் எடைக்கம்பி காலில் இடிக்கும். மரப்பெட்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

தச்சரிடம் என்ன சொல்ல வேண்டும்?

6 அங்குலக் கண்ணாடியும் சுமார் 4 அடி நீளக் குழாயும் உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. பிளைவுட் 8-க்கு 4 ஷீட்டில் பாதிகூடத் தேவைப்படாது. ஈரக்காற்று உள்ள ஊர் என்றால் சாதா கமர்ஷியல் ரகம் வேண்டாம். தண்ணீர் தாங்கும் ரகம் நல்லது. வெட்டிய ஓரங்களில் வார்னிஷ் கட்டாயம் அடிக்க வேண்டும். பிளைவுட் ஈரத்தைக் குடிப்பது அந்த ஓரங்கள் வழியாகத்தான்.

மூன்று விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்று, சமநிலை. ஐபீஸும் சின்ன வழிகாட்டித் தொலைநோக்கியும் மாட்டிய நிலையில் குழாயை ஓர் உருளைக் கம்பின் மேல் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அங்கேதான் பக்க வட்டங்களின் மையம் வர வேண்டும். அங்கிருந்து குழாயின் பின்முனை வரை உள்ள தூரத்தோடு 3 செ.மீ. சேர்த்தால், பெட்டியின் அடியிலிருந்து அச்சு இருக்க வேண்டிய உயரம் கிடைத்துவிடும்.

இரண்டு, மூன்று கால்கள். நான்கு வைக்க வேண்டாம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். அடிப்பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள மூன்று வழுக்குப் பட்டைகளும் அந்த மூன்று கால்களுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அப்போது எடை நேராகத் தரைக்கு இறங்கும், பலகை வளையாது.

மூன்று, உராய்வு. இந்த அமைப்பின் உயிரே இதில்தான். பெரும்பாலான பொருட்களை நகர்த்த முதலில் பலமாகத் தள்ள வேண்டும். நகர ஆரம்பித்ததும் சட்டென்று இலகுவாகிவிடும். பீரோவைத் தள்ளியவர்களுக்குத் தெரியும். தொலைநோக்கியில் இப்படி நடந்தால் கோளைத் தாண்டிப் போய்விடுவோம். டெஃப்ளானில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அதனால் பெட்டியின் அடியில் லேசான சொரசொரப்பு உள்ள மைக்கா ஒட்டி, அதற்குக் கீழே டெஃப்ளான் துண்டுகளை வைக்கிறார்கள். ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ எடை விழுவது நல்ல கணக்கு. மேலே 15 கிலோ இருந்தால், மூன்று துண்டுகளும் தலா 5 சதுர செ.மீ. இருந்தால் சரி. டெஃப்ளான் கிடைக்காவிட்டால் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வெட்டியும் ஒப்பேற்றலாம். அந்த வழவழப்பு மட்டும் கொஞ்சம் குறையும்.

“பால் பேரிங் போட்டா இன்னும் ஈஸியா சுத்துமே?” என்று தச்சர் கேட்கலாம். சுற்றும்தான். காற்று அடித்தாலும் சுற்றும், கையை எடுத்த பிறகும் சுற்றும். நமக்கு வேண்டியது அளவான எதிர்ப்பு.

செய்து முடித்தபின்தான் வேலை ஆரம்பம்

கடையில் வாங்கிய ஸ்டாண்டுக்கும் மரப்பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் இது: மரப்பெட்டியைத் திருத்திக்கொண்டே போகலாம். இடம் வலமாகத் திருப்ப இறுக்கமாக இருக்கிறதா? டெஃப்ளான் துண்டுகளைச் சிறிதாக்குங்கள், அல்லது நடு போல்ட்டுக்கு அருகே நகர்த்துங்கள். இன்னும் எளிய வழி, பிளாஸ்டிக் கேனை வட்டமாக வெட்டி நடு போல்ட்டில் ஒன்றிரண்டு வாஷர்களாகப் போடுவது. எடையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். கனமான ஐபீஸ் போட்டதும் குழாய் தலைகுனிகிறதா? பின்முனையில் கொஞ்சம் எடை சேருங்கள். பக்க வட்டங்களைப் பெரிதாக்கினாலும் அந்தச் சாய்வு குறையும். குழந்தைக்கு எட்டவில்லையா? உயரம் குறைந்த ஒரு ஸ்டூல் போதும்.

இதில் குறையே இல்லையா?

இருக்கிறது. நேர் உச்சியில் உள்ளதைப் பார்க்கும்போது இடம் வலமாகத் திருப்புவது சிரமம். குழாய் செங்குத்தாக நிற்பதால் பிடித்துத் தள்ளப் பிடிமானம் கிடைக்காது. நமக்கு இது அடிக்கடி நேரும். மிருகசீரிடமும் கோள்களும் தமிழகத்தில் உச்சிக்கு அருகில்தான் கடக்கின்றன. பெட்டியில் ஒரு கைப்பிடி வைப்பது, அல்லது ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ பார்ப்பதுதான் வழி. நெபுலாக்களை நீண்ட நேரம் படம் பிடிக்க வேண்டும் என்றால் மோட்டார் ஸ்டாண்டுதான் வேண்டும். லென்ஸ் வகைத் தொலைநோக்கிக்கும் இந்தத் தாழ்வான பெட்டி ஒத்துவராது. அதில் கண் வைக்கும் இடமே கீழ்முனையில் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்க்க விரும்பும் ஒரு குடும்பத்துக்கோ பள்ளிக்கோ இவை எதுவும் பெரிய தடை இல்லை.

பள்ளிகள் யோசிக்க வேண்டியது

ஒரு பள்ளி தொலைநோக்கி வாங்கும்போது விலைப்பட்டியலில் ‘எத்தனை மடங்கு’ என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதை விட்டுவிட்டு, நல்ல கண்ணாடியும் குழாயும் மட்டும் வாங்கலாம். அடிப்பகுதியை உள்ளூர்த் தச்சரை வைத்து மாணவர்கள் முன்னிலையிலேயே செய்யலாம். பக்கத்தில் ஐ.டி.ஐ. இருந்தால் இன்னும் நல்லது. ஈர்ப்பு மையம், உராய்வு, திருப்புத்திறன் என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்வதை எல்லாம் இங்கே கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். நாளை ஒரு போல்ட் தளர்ந்தால், எட்டாம் வகுப்பு மாணவியே ஸ்பேனர் எடுத்து முடுக்கிவிடுவாள். இறக்குமதி செய்த ஸ்டாண்டில் ஒரு பிளாஸ்டிக் கியர் உடைந்தால், உதிரிபாகத்துக்குக் காத்திருந்தே அந்த வகுப்பு பள்ளியை விட்டுப் போய்விடும்.

ஏற்கெனவே வாங்கி, ஆடுகிறது என்று மூலையில் வைத்த நியூட்டன் வகைக் கருவி உங்களிடம் இருந்தால், புதிதாக எதுவும் வாங்காதீர்கள். குழாயை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு தச்சுப் பட்டறைக்குப் போங்கள். சனியின் வளையத்தைக் காட்ட அந்தக் கண்ணாடியே போதுமானதாக இருக்கலாம்.