தாய்மொழி ஏறிய மேடை

2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டின் நியூயார்க்கு மாநிலத்துப் பெல்மாண்டு பூங்கா அரங்கில் முப்பது அகவை நிரம்பிய கொரிய இளைஞர் ஒருவர் தனியராய் மேடையேறினார். தென்கொரியத்துத் தேகு நகரில் பிறந்த அவர்தம் இயற்பெயர் மின் யூன்கி. உலகம் அவரைச் 'சுகா' என்று அறியும். தனிப்பாடகராக அவர் பூண்ட பெயர் 'அகசுட்டு டி'. பி.டி.எசு. என்னும் எழுவர் இசைக்குழுவில் 2013 முதல் பாடிவந்த அவருக்கு அதுவே தனித்த முதல் உலக இசைச்செலவின் தொடக்க நாள். அவ்வெழுவருள் தனியே உலகைச் சுற்றிப் பாடிய முதல்வரும் அவரே. அமெரிக்க நகரங்களில் பதினொரு நிகழ்ச்சிகள். சகார்த்தா, யோக்கோகாமா, பாங்காக்கு, சிங்கப்பூர் ஆகிய நான்கிடங்களில் மும்மூன்று. பின்னர்த் தலைநகர் சியோலில் இரண்டு. ஆகத்து 4, 5, 6 நாள்களில் மீண்டும் அந்நகரிலேயே நிறைவாக மூன்று. ஆக 28 நிகழ்ச்சிகள்.

ஆட்டமும் ஆரவாரமும் நிறைந்த இச்செய்தியைத் தனித்தமிழ் இதழொன்று எழுதுவானேன் என்று வினவுவார் உளர். வினா முறையானதே. நடிகர்க்குப் பாலாட்டு நடத்தும் நாட்டில், இன்னொரு நாட்டுப் பாடகர்க்கும் பல்லக்குத் தூக்க வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. அரங்கின் ஒளி எத்தகையது, ஆடை எத்தகையது, நுழைவுச்சீட்டு என்ன விலைக்குப் போயிற்று என்பனவெல்லாம் வணிகர் கணக்கு. தமிழர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: அவர் எம்மொழியிற் பாடினார்?

கொரிய மொழியிற் பாடினார். நியூயார்க்கிலும் கொரியம், பாங்காக்கிலும் கொரியம். அரங்கில் அமர்ந்திருந்தவருட் பெரும்பாலார்க்கு அது தாய்மொழியன்று. ஆயினும் அடிக்கு அடி அவரோடு சேர்ந்து பாடினர். அதனினும் வியப்பு, அவர் பாடியது பண்ணிசை மட்டுமன்று, சொல்லிசை. பண் மொழி கடந்தும் இனிக்கும். பொருள் அறியாதாரும் குழலிசைக்குத் தலையசைப்பர். சொல்லிசையோ சொல்லையே உயிராக உடையது. சொல்லின் மேற் சொல்லடுக்கி, எதுகையும் மோனையுமாய் ஓட்டிச் செல்வது. மொழியறியாதார் முன் முதலில் தோற்கவேண்டிய கலை அதுவே. அக்கலை, அயல்மொழி மக்கள் நடுவே, தாய்மொழியிலேயே வென்றது.

அவர் பாடிய பொருளும் கருதத்தக்கது. 2020-இல் அவர் வெளியிட்ட ஒரு பாடலின் பெயர் 'தேச்சுவிதா'. பண்டைக் கொரிய வேந்தர் உலாப் போந்தபோதும் படை நடந்தபோதும் முழங்கிய இசைக்கு அது பெயர். சங்கும், நெடிய பித்தளைக் கொம்பும், நாகசுரம் போலச் சீவாளி வைத்தூதும் குழலும், முரசும், சேகண்டி போன்ற வெண்கலத் தட்டும் சேர்ந்த இசை அது. தென்கொரிய அரசு 1971-இலேயே அதனைக் காக்கவேண்டிய மரபுக்கலையெனப் பட்டியலிட்டது. அருங்காட்சியகத்தில் உறங்கியிருக்கக்கூடிய அவ்வொலியை எடுத்து, இக்கால இளைஞர் காதில் முழங்க வைத்தார் மின் யூன்கி. 2023-இல் வந்த 'டி-டே' என்னும் தொகுப்பின் தலைப்பாடல் 'ஏகும்'. அச்சொல் கொரியத்தில் இரு நரம்புடைய வில்லிசைக் கருவியொன்றையும் குறிக்கும். தடைநீக்கம் என்னும் பொருளையும் தரும். அக்கருவியின் ஒலியையே பாட்டில் இழைத்து, தடைகளை உடைப்பது பற்றியும் பாடினார். தமிழ்ப்புலவர் இதனை இரட்டுறமொழிதல் என்பர். தன் மொழியில் ஆழ வேரூன்றியவனுக்கே இரட்டுறமொழிதல் கைவரும். கடன்வாங்கிய மொழியில் ஒரு பொருளையே உருப்படியாகச் சொல்லுதல் அரிது. இரு பொருளுக்கு எங்கே போவது?

இம்மேடைக்குக் கொரிய மொழி எளிதில் வந்துவிடவில்லை. அது நடந்துவந்த வழி அறுநூறாண்டு நெடுவழி. சேசோங் என்னும் வேந்தன் 1443-இல் தன் மக்கட்கென்று 28 எழுத்துகளை ஆக்கி, 1446-இல் நாட்டுக்கு வழங்கினான். இன்று 'அங்குல்' எனப்படும் எழுத்து அதுவே. அதுவரை எழுத்தென்றால் சீனவெழுத்து; கல்வியென்றால் உயர்குடியார் உடைமை. வேந்தனின் அவையிலிருந்த அறிஞரே அவனை எதிர்த்தனர். சோய் மல்லி என்பார் 1444-இல் முறையீடு எழுதி, சீனத்தைவிட்டுத் தனியெழுத்து வைத்துக்கொள்வது நாகரிகமற்றோர் செயலென்றார். மேற்குடியார் அவ்வெழுத்தை இழிவழக்கெழுத்து என்று பழித்தனர். 1504-இல் யோன்சான் என்னும் கொடுங்கோலன், தன்னைப் பழித்து அவ்வெழுத்திற் சுவரோலைகள் தோன்றின என்பதற்காக, அதனைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுத்தான். தமிழை 'நீசபாசை' என்று பழித்தார் கூட்டத்தை அறிந்த தமிழர்க்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது. தாய்மொழியைத் தாழ்த்துவோன் எந்நாட்டிலும் ஒரே முகமுடையவனாகவே இருக்கின்றான்.

பின்னர் வந்தது பெருங்கேடு. 1910-இல் சப்பான் கொரியத்தை விழுங்கிற்று. 1938-க்குப் பின் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி வெளியேற்றப்பட்டது. 1940-இல் மக்கள் தம் பெயரையே சப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். அவ்வாண்டே கொரிய மொழிச் செய்தித்தாள்களான சோசன் இல்போவும் தோங்கா இல்போவும் மூடப்பட்டன. அந்நிலையிலும் கொரிய மொழிக் கழகத்தார் அமைதியாக ஒரு பணி செய்துகொண்டிருந்தனர். அவர்கள் குண்டு செய்யவில்லை, அகரமுதலி செய்தனர். சப்பானிய ஆட்சி அதனைக் குண்டினும் கொடிதென்று கருதிற்று. 1942-இல் தொடங்கிய வேட்டையில் அறிஞர் 33 பேர் சிறைப்பட்டனர். இ யூன்சே 1943-இலும் ஆன் சிங் 1944-இலும் சிறைக்குள்ளேயே உயிர்நீத்தனர். சொற்களைத் தொகுத்ததற்காகச் செத்தனர்!

அவர்கள் எழுதிய கையெழுத்துப் படி பறிமுதலாயிற்று. வழக்குக்குரிய சான்றாக அனுப்பப்பட்டு இடையில் எங்கோ மறைந்தது. 1945-இல் நாடு விடுதலையுற்ற சில கிழமைகளுக்குள், சியோல் தொடர்வண்டி நிலையத்துக் கிடங்கொன்றில் அப்படி கண்டெடுக்கப்பட்டது. 1947-இல் பேரகரமுதலியின் முதன்மடலம் வெளிவந்தது. 1957-இல் ஆறாம் மடலத்தோடு பணி நிறைவுற்றது. அன்று கிடங்கின் இருளிற் கிடந்த சொற்களே 2023-இல் மேடையின் ஒளியில் நின்றன. பாடகர்க்குக் கிடைத்த கைதட்டலிற் பாதி, சிறையிற் செத்த அவ்விருவர்க்கும் உரியது.

விடுதலைக்குப் பின்னும் கொரியர் உறங்கிவிடவில்லை. 1948-இல் அரசு எழுத்துகள் அங்குலிலேயே அமையவேண்டுமெனச் சட்டம் செய்தனர். 2005-இல் மொழிக்கெனத் தனி அடிப்படைச் சட்டம் கண்டனர். எழுத்து நாளாகிய அக்தோபர் 9-ஐ, விடுமுறைகள் மிகுந்து தொழில் கெடுகிறதென்று கூறி, 1991 முதல் அரசு விடுமுறைப் பட்டியலினின்று நீக்கியது. மொழிக் கழகத்தார் இருபதாண்டுக்கு மேல் விடாது கேட்டு, 2013-இல் அவ்விடுமுறையை மீட்டனர். சேசோங் பெயரால் உலகெங்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட கொரிய மொழிப் பள்ளிகளை அந்நாடு நடத்துகின்றது. பி.டி.எசு. குழுவை நடத்தும் நிறுவனமே 2020-இல் கொரிய மொழிப் பாடக் காணொளிகளை வெளியிட்டது. பாட்டைக் கேட்டவன் எழுத்தைக் கற்கிறான். எழுத்தைக் கற்றவன் நாட்டை மதிக்கிறான். இதுவே ஒழுங்கு.

இதனாற் கொரியர் குறையே இல்லாதவர் என்று எண்ணிவிடுதல் கூடாது. அவர்தம் சொற்களிற் பெரும்பகுதி சீனத்தினின்று வந்தது. இன்றைய கொரியப் பாடல்களில் ஆங்கிலம் களையாய் மண்டிவருகின்றது. மின் யூன்கியே தம் மேடைப்பெயரை இலத்தீன் எழுத்திலன்றோ எழுதுகின்றார்! அக்குழுவினர் 2020-இல் 'டைனமைட்டு' என்று முழுதும் ஆங்கிலத்தில் ஒரு பாடல் பாடி, அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றனர். அமெரிக்கர் வாயிலைத் திறக்க ஆங்கிலத் திறவுகோலே வேண்டும் என்பார்க்கு அது நல்ல சான்றாயிற்று. ஆனால் அவ்வாண்டு முடியுமுன்னரே, பெரும்பகுதி கொரியத்தில் அமைந்த அவர்களுடைய இன்னொரு பாடல், வெளிவந்தவுடன் அதே வரிசையில் முதலிடத்தில் ஏறிற்று. கொரியத்தில் அமைந்த பாடலொன்று அவ்வாறு ஏறியது அதுவே முதன்முறை. ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு நாள் உடுத்த உடை, கொரியம் தோல். உடை நன்றாயிருந்ததென்று தோலை உரித்தெறியவில்லை அவர்கள்.

இனித் தமிழ்நாட்டின் பக்கம் திரும்புக. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டினின்று எழுந்து உலகெங்கும் ஓடிய பாடல் எது? 'கொலைவெறி'ப் பாட்டு. அதில் தமிழ்ச்சொல் தேடி எடுக்கவேண்டியது. மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலம். உலகம் கேட்டது, சிரித்தது, மறந்தது. அப்பாட்டைக் கேட்டுத் தமிழ் கற்க எழுந்தவன் எவன்? தன் மொழியைக் கேலிப்பொருளாக்கி வாங்கிய புகழ் கேலியோடே கழிந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 2006-இல், தமிழிற் பெயரிடும் திரைப்படத்திற்கு வரிவிலக்கு என்று அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. தாயைத் தாயென்று அழைப்பதற்குக் கூலி கொடுத்த நாடு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முடியாததா? அதுவும் இல்லை. 2021-இல் அறிவு என்னும் சொல்லிசைஞர் எழுதிய 'என்சாய் எஞ்சாமி', ஒப்பாரியும் உழவும் தோட்டத் தொழிலாளர் துயரும் கலந்து பெரும்பாலும் தமிழிலேயே ஒலித்தது, கடல்கடந்தும் சென்றது. மண்ணின் குரல் மண்ணின் மொழியில் எழுந்தால் உலகம் செவிசாய்க்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதன் பெயரின் தலையிலும் ஓர் ஆங்கிலச் சொல்லை ஏற்றி வைக்காமல் இருக்க முடியவில்லை! நோய் அவ்வளவு ஆழத்தில் இருக்கின்றது.

கொரியர்க்கும் தமிழர்க்கும் மொழியுறவு உண்டென்று மகிழ்வார் பலர். ஓமர் அல்பர்ட்டு என்னும் அமெரிக்க அறிஞர் 1905-இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். 'அப்பா' என்னும் சொல் இரு நாட்டிலும் தந்தையையே குறிக்கின்றது. மொழிநூலார் அவ்வுறவை இன்றுவரை நிலைநாட்டவில்லை. உறவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தமிழர்க்கு வேண்டுவது உறவுக்கதையன்று, உணர்ச்சி. கொரியரின் சொல் தமிழர் சொல்லை ஒத்திருப்பதால் வரும் பயன் சிறிது. கொரியரின் மானம் தமிழரிடம் இருந்தால் வரும் பயன் பெரிது.

தமிழர்க்கும் அகரமுதலிக்காக உழைத்துத் தேய்ந்த அறிஞர் இருந்தனர். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்ந்த பாவாணர், 1981-இல் மறையும்வரை அதனையே மூச்சாகக் கொண்டிருந்தார். அவருக்குப் பின் பிறர் முயன்று அதனை முடித்தனர். மடலங்கள் நூலகங்களில் உள்ளன. அவற்றைப் பாட்டெழுதுவோருள் எத்தனைபேர் புரட்டினர்? இசையமைப்போருள் எத்தனைபேர் பெயராவது கேட்டிருக்கின்றனர்? கொரியத்தில் அகரமுதலிக்கும் மேடைக்கும் இடையே பாலம் உண்டு. பள்ளி அதற்குத் தூண். சட்டம் அதற்குத் தளம். தமிழ்நாட்டில் அகரமுதலி ஒரு கரையில். மேடை மறு கரையில். நடுவே ஆங்கிலவழிப் பள்ளி என்னும் ஆறு பெருக்கெடுத்து ஓடுகின்றது. பள்ளியில் தமிழைப் பறிகொடுத்த பிள்ளை மேடையில் தமிழ் பாடுவது எங்ஙனம்?

2023 சூன் 16 முதல் மூன்று நாள் மின் யூன்கி சிங்கப்பூரிற் பாடினார். அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. கொரியம் அவற்றுள் இல்லை. ஆயினும் அம்மூன்றிரவும் அவ்வரங்கில் ஆண்ட மொழி கொரியமே. ஆட்சிமொழி என்னும் பட்டம் சட்டத்தால் வருவது. ஆளும் மொழி என்னும் நிலை, அம்மொழி பேசுவோன் அதனை நாணாது எடுத்துச் செல்வதால் வருவது.

வெளியில் மதிப்புத்தேடி வீட்டில் மொழியைக் கைவிடுவோர்க்கு வெளியிலும் மதிப்பில்லை. வீட்டில் மொழியைக் காத்தவனைத் தேடி வெளியுலகம் தானே வரும். கொரியர் சிறைபுகுந்து கற்ற பாடம் இது. தமிழர் அதனைச் செலவின்றிக் கற்கலாம். பாட்டெழுதுவோர் தமிழில் எழுதுக! பாடுவோர் தமிழிற் பாடுக! பெற்றோர் தம் பிள்ளைகளைத் தமிழிற் கற்பிக்க! மேடை தானே வந்து தமிழின் காலடியில் நிற்கும்.